ஈரி ஏரியில் அளக்காமல் விட்டது

2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி விடிவதற்குள் அமெரிக்காவின் டொலீடோ நகரில் அறிவிப்பு வந்துவிட்டது: குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சியும் குடிக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீரில் இருந்ததோ மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியிலிருந்து வந்த நச்சு அது. ஏறத்தாழ 4 லட்சம் பேர், உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றின் கரையிலேயே, பாட்டில் தண்ணீர் தேடி அலைந்தார்கள்.

இத்தனைக்கும் அறிவியல் காப்பாற்றிய ஏரி என்று பெயரெடுத்தது இது. 1960களில் பத்திரிகைகள் இதைச் செத்த ஏரி என்றே எழுதின. சாக்கடையிலும் சலவைத் தூளிலும் வரும் பாஸ்பரஸ்தான் பாசிக்குத் தீனி என்று ஆய்வாளர்கள் சொன்னபோது, சலவைத் தூள் தயாரிப்பாளர்கள் தரப்பு பழியைக் கார்பன் மீது போட்டது. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறு ஆண்டே கனடா விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர் ஒரு சிறிய ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறு பக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாய் மாறியது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் ஆயிரம் பக்க அறிக்கை செய்யாத வேலையைச் செய்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஈரிக்கு ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரஸ் என்று வரம்பு வகுத்து, 1980களில் அதைத் தொட்டும் விட்டார்கள். தண்ணீர் தெளிந்தது, மீன் திரும்பியது.

1990களின் நடுவில் பாசியும் திரும்பியது. 2011இல் அதுவரை காணாத அளவுக்குப் பரவியது. ஆனால், கணக்கேட்டில் மொத்த பாஸ்பரஸ் பெரிதாக ஏறவில்லை. அளந்தது சரி, எதை அளப்பது என்பதில்தான் கோட்டைவிட்டார்கள்.

இதற்கு விடை கிடைத்தது ஏரியில் அல்ல, அதில் வந்து விழும் மாமீ ஆற்றில். ஒஹையோ மாநிலத்தின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1970களிலிருந்து அந்த ஆற்றுத் தண்ணீரை எடுத்து எடுத்துச் சோதித்துவந்தது. பரிசு வாங்கித் தரும் வேலையல்ல அது. அந்த நீண்ட பதிவில்தான் உண்மை தெரிந்தது: மண்துகளோடு ஒட்டிவரும் பாஸ்பரஸ் குறைந்திருந்தது, நீரில் கரைந்துவரும் பாஸ்பரஸ் கூடியிருந்தது. மண்ணோடு ஒட்டியதில் ஒரு பகுதிதான் பாசிக்கு உதவும். கரைந்ததோ அப்படியே உணவு.

காரணங்களில் ஒன்று சங்கடமானது. மண் அரிப்பைத் தடுக்க உழாமல் விதைக்கும் முறையை அரசே ஊக்குவித்தது. அரிப்பு குறைந்தது. ஆனால், மேலே தூவிய உரம் மண்ணோடு கலக்காமல் மேல்தோலிலேயே தங்கியது. வசந்த காலத்துப் பெருமழையில் அது கரைந்து, வயலுக்கடியில் புதைத்த வடிகுழாய்கள் வழியே ஆற்றுக்குப் போனது. நல்ல நோக்கத்தோடு செய்த திருத்தம் ஒன்றைத் தடுத்து, அதைவிட மோசமான இன்னொன்றுக்கு வழிவிட்டது.

இது பாதிக் கதைதான். மீதி ஏரியின் அடியில் கிடக்கிறது. ஈரியின் தண்ணீர் முழுதும் புதுப்பிக்கப்பட மூன்று ஆண்டுகூட ஆகாது. பாஸ்பரஸ் வரத்தை நிறுத்தினால் ஏரி சீக்கிரம் தேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு காரணம். வண்டல் அப்படிப் போய்விடாது. இங்கிலாந்து ஏரிகளை ஆராய்ந்த கிளிஃபோர்ட் மார்டிமர் 1940களின் தொடக்கத்திலேயே காட்டினார்: ஆக்சிஜன் இருக்கும்வரை வண்டலில் உள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருக்கும், ஆக்சிஜன் தீர்ந்தால் பிடியை விட்டுவிடும். ஈரியின் நடுப்பகுதியில், கோடைக் கடைசியில் அடித்தட்டுக் குளிர்நீர் அடுக்கு மெலிதாகி, ஆக்சிஜன் அற்றுப்போகிறது. என்றோ விழுந்த பாஸ்பரஸ் அப்போது மறுபடி மேலேறுகிறது.

வண்டலைப் படிக்கும் விதமே தனி. குழாயைச் சேற்றில் இறக்கி, உள்ளே அடைபட்ட மண்தண்டைக் கலையாமல் தூக்கி, சென்டிமீட்டர் கணக்கில் சீவுகிறார்கள். ஈயம்-210 சிதைந்த அளவிலிருந்து அடுக்கின் வயது தெரியும். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 உச்சத்தில் இருக்கும் அடுக்கு 1963ஐ ஒட்டியது. அதற்கும் கீழே, ஒரு களைச்செடியின் மகரந்தம் திடீரெனப் பெருகும் இடத்தில், ஐரோப்பியர்கள் காட்டை வெட்டத் தொடங்கிய காலம் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து மேலே வர வர, இன்ன பத்தாண்டில் இன்ன நச்சு என்று வரிசையாகச் சொல்லலாம். ஈரிக்கு நீர் தரும் செயின்ட் கிளேர் ஏரியில் தொழிற்சாலைப் பாதரசத்தால் மீன்பிடிப்பே 1970இல் தடைசெய்யப்பட்டது. கழிவு நின்ற பிறகும் அடிமண் பல காலம் பாதரசத்தைச் சுமந்தது.

ஆனாலும், வரத்துக் குறைப்பு பயனற்றது என்று வாதிடுவோர் வண்டலைச் சாட்சிக்கு இழுப்பது தவறு. மேற்குப் பகுதியின் பாசியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தந்த வசந்தத்தில் மாமீ கொண்டுவரும் சரக்குதான். வண்டல் பலனைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஏரி தேறுவதற்கு ஐந்தாண்டுத் திட்டம் போடும் அதிகாரிகளுக்குத்தான் இந்தத் தாமதம் கசக்கும்.

ஒஹையோவும் மிச்சிகனும் கனடாவின் ஒன்டாரியோவும் மேற்குப் பகுதிக்கு வரும் பாஸ்பரஸை 2025க்குள் 40 சதவீதம் குறைப்பதாக 2015இல் ஒப்புக்கொண்டன. 2020க்கு வைத்த 20 சதவீத இடைக்கால இலக்கையே எட்டவில்லை. அறிவியல் போதாமல் அல்ல. ஆலைக் குழாயிலிருந்து விழும் கழிவுக்கு உரிமம் கேட்கும் அமெரிக்கச் சட்டம், மழையில் வயலிலிருந்து வடியும் நீருக்கு விலக்கு அளித்திருக்கிறது. விவசாயிக்கு மானியம் உண்டு, அறிவுரை உண்டு. கட்டாயம் மிகக் குறைவு. 1970களில் எதிரே நின்றது சலவைத் தூள். கடைக்காரர் வேறு பொட்டலம் விற்றால் போதும். இப்போது நிற்பது சோளமும் சோயாவும் விளையும் நிலம், அதன் பின்னால் நிற்கும் வாக்குகள்.