கனம் தூக்காதே என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

அம்மாவுக்குக் கரண்டு வைத்து முடித்த நாளில் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேருந்தில் நான்தான் படித்துக் காட்டினேன். வலது கையால் கனம் தூக்கக் கூடாது. அந்தக் கையில் வெட்டு, கீறல், சூடு படக் கூடாது. கையுறை இல்லாமல் அழுக்கைத் தொடக் கூடாது. வீக்கம் வந்தால் உடனே வரவேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "இது யாரோ டீச்சரம்மாவுக்கு எழுதுன சீட்டு கண்ணு. மாத்திக் குடுத்துட்டாங்க."

அம்மா கொங்கு வட்டாரத்து நகராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அருந்ததியர். முதல் தகவலைச் சொன்னாலே இரண்டாவதை ஊகித்துக்கொள்கிற ஊர் எங்களுடையது.

அந்தத் தாளில் இருந்தது சரியான மருத்துவம்தான். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால்தான் என் கோபம் எதன்மீது என்பதும் புரியும்.

உடம்பில் இரத்த ஓட்டம் போலவே நிணநீர் ஓட்டமும் இருக்கிறது. இரத்தக் குழாய்களிலிருந்து கசிகிற நீர், புரதம், செத்த அணுக்கள், உள்ளே புகுந்த கிருமிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், வடிகட்டி, நீரை மறுபடி இரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. உடம்பின் தூய்மைப் பணி என்றே சொல்லலாம். வழியில் ஏறக்குறைய 600 முடிச்சுகள் சோதனைச் சாவடிகளாக நிற்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்த நெறி இந்த முடிச்சுதான். இந்த ஓட்டத்தைத் தள்ள இதயம் போல ஒரு உறுப்பு கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதும் தசைகள் அசைவதும்தான் தள்ளுகின்றன.

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் பரவும் இடம் அக்குள் முடிச்சுகள். அதனால் அம்மாவுக்கு அவற்றை அறுத்தெடுத்தார்கள். மிச்சம் மீதி எதுவும் இருக்கக்கூடாது என்று அதன்பிறகு கரண்டு வைத்தார்கள்.

கதிர்வீச்சு இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் நோயெதிர்ப்பின் காலாட்படை. உடம்பிலேயே கதிர்வீச்சைத் துளியும் தாங்காத அணுக்களில் அவை முக்கியமானவை. மற்ற அணுக்கள் பெரும்பாலும் பிரியும்போதுதான் சாகும். இவை பிரியாமல் சும்மா இருக்கும்போதே செத்துவிடும். சிகிச்சை நேரத்தில் அந்த இடத்தின் வழியே ஓடுகிற இரத்தத்தில் உள்ளவையும் தப்புவதில்லை. எண்ணிக்கை மீண்டுவர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். இரண்டாவது, கதிர் பட்ட திசு மெல்ல மெல்லத் தழும்பாக இறுகுகிறது. மிஞ்சிய நிணநீர்க் குழாய்களை அது நெரிக்கிறது, புதிய குழாய்கள் முளைப்பதையும் தடுக்கிறது. வடிகால் அடைபட்ட தெருவில் என்ன நடக்குமோ அதுதான் கையில் நடக்கும். புரதம் மிகுந்த நீர் தேங்கும். கை வீங்கும். கிருமிகளுக்கு அது விருந்து. ஒவ்வொரு தொற்றும் இன்னும் சில குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போகும். வீக்கம் இன்னும் கூடும். அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. கரண்டும் சேர்ந்தால் வாய்ப்பு அதிகம்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். என் அம்மா உயிரோடு இருப்பது அந்தக் கரண்டால்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்தார்கள், ஒரு ரூபாய் கேட்கவில்லை. என் கேள்வி, உயிரைக் காப்பாற்றிய பிறகு அந்தக் கையை எங்கே அனுப்பினோம் என்பது.

மூன்று மாதத்தில் அம்மா வேலைக்குத் திரும்பினார். ஒரு நாள் குப்பை மூட்டையை அமுக்கும்போது உடைந்த டியூப்லைட் துண்டு விரலில் ஏறியது. சாயங்காலம் குளிர்காய்ச்சல். மறுநாள் கை தோள்வரை சிவந்து, தொட்டால் கொதித்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எட்டு நாள் சம்பளத்தையும் ஒப்பந்ததாரர் பிடித்துக்கொண்டார். அந்தக் கை பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. தெருவில் யானைக்கால் மாதிரி யானைக்கை என்கிறார்கள். குடிதண்ணீர் சொம்பை இன்னும் கொஞ்சம் தூக்கி ஊற்றுகிறார்கள்.

குப்பையைத் தொடுகிறவர்களுக்குக் கையுறையும் காலணியும் முகக்கவசமும் தரவேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அம்மாவுக்கு வந்தது வருடத்துக்கு ஒரு ஜோடி, பத்து நாளில் கிழிகிற துணி உறை.

2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். டெல்லி பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்பு விலைக்கு ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. கடைத் தொழிலாளர்கள் வெறுங்கையால் அதைப் பிரித்தார்கள். பலருக்கு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு வெள்ளணுக்கள் சரிந்தன. ஒருவர் இறந்துபோனார். ஆய்வகத்தில் அந்தக் கருவியைத் தொட்டவர்களுக்குப் பயிற்சி இருந்தது, விதிமுறை இருந்தது. அது குப்பையாக மாறிய நொடியிலிருந்து அதைத் தொடுகிறவர்களுக்கு எதுவும் இல்லை. குப்பையைத் தொடும் கை எதையும் தாங்கும் என்று இந்தச் சமூகம் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் சாதி.

"அப்படியானால் வேலையை விட்டுவிடலாமே" என்று நண்பர்கள் சொன்னார்கள். வாடகையை யார் கட்டுவது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். மருத்துவமே அப்படிச் சொல்லவில்லை. இப்படி வீங்கிய கையுள்ள பெண்களை, மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூட்டித் தூக்கவைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. 2009-இல் முடிவு வெளியானது. வீக்கம் கூடவில்லை, தொந்தரவுகள் குறைந்தன. தசை அசைந்தால்தானே நிணநீர் ஓடும்? ஆக, அம்மாவின் கைக்கு எதிரி உழைப்பு இல்லை. எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது, எதைத் தொடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தக் கைக்கு இல்லாததுதான் எதிரி.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோய்க்கு 80 சதவீத ஊதியத்தோடு நீண்டகால விடுப்பு உண்டு, இரண்டு ஆண்டுகள் வரை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு வேலைப் பதிவும் கட்டிய சந்தாவும் வேண்டும். பதினாலு வருடமாக அதே தெருக்களைக் கூட்டும் என் அம்மா, ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் காகிதத்தில் புது ஆளாகிவிடுகிறார்.

ஆகவே தோழர்களே, பணி நிரந்தரம் என்ற முழக்கத்தை வெறும் சம்பளக் கோரிக்கையாகக் கேட்காதீர்கள். அது நோயெதிர்ப்புச் சக்திக்கான கோரிக்கையும்கூட. அதோடு இவற்றையும் சேர்த்துக் கேட்போம்: புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பும் தூய்மைப் பணியாளருக்கு அதே ஊதியத்தில் குப்பை தொடாத மாற்றுப் பணி, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஸ்லீவும் வீக்கத்துக்கான பிசியோதெரபியும் மாவட்ட மருத்துவமனைகளில் இலவசம், கண்ணாடி கிழிக்காத கையுறை. சிகிச்சைச் சீட்டு எழுதும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அம்மா இப்போது இடது கையால் கூட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். அந்தச் சீட்டைப் பத்திரமாக ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறார். "டீச்சரம்மா வந்து கேட்டாங்கன்னா குடுக்கணுமில்ல" என்கிறார்.