குதிரைக்கு யாருங்க டூப்?

கறுப்பு வெள்ளை கவ்பாய் படம்னாலே கொட்டாவி விடுற கோஷ்டியா நீங்க? அப்படின்னா 1939-ல ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தோட சேஸிங் சீனை மட்டுமாவது பார்த்துடுங்க ப்ளீஸ்!

கதை சிம்பிள். ஆறு குதிரை பூட்டிய ஒரு கோச் வண்டி. உள்ளே ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிற பயணிகள். பின்னால துரத்தும் அபாச்சி வீரர்கள். (அவங்க தரப்பு நியாயம் என்னன்னு படம் கேட்கவே இல்லை. இன்னிக்குப் பார்த்தா உறுத்தத்தான் செய்யுது.)

ஒரு அபாச்சி வீரன், ஓடுற குதிரையிலிருந்து வண்டியோட முன் குதிரை மேல தாவுறான். ஹீரோ ஜான் வெய்ன் சுடுகிறார். ரெண்டு வரிசைக் குதிரைகளுக்கு நடுவுல விழுந்து, மரத்தடியைப் பிடிச்சபடி தரையில இழுபடுறான். இன்னொரு குண்டு. கையை விட்டுடுறான். குளம்புகள், சக்கரங்கள், மொத்த வண்டியும் அவனைத் தாண்டிப் போகுது. கிராபிக்ஸ் இல்லை, பொம்மை இல்லை. யாகிமா கனட்ங்கிற நிஜ மனுஷன்!

கொஞ்ச நேரத்துல கடிவாளம் நழுவிப்போக, ஜான் வெய்ன் குதிரைக்குக் குதிரை தாவி முன்னால போவார் பாருங்க... அதுவும் கனட்தான். சுடப்பட்டவரும் அவரே, சுட்டவருக்கு டூப்பும் அவரே!

இதை வெறும் அசட்டுத் துணிச்சல்னு நினைச்சா தப்பு. குதிரை மெதுவா போனா அங்கே இங்கே ஒதுங்கும். நாலுகால் பாய்ச்சல்ல போனாதான் நேர்கோட்டுல ஓடும். அதனால வேகம் அதிகமா இருந்தாதான் கீழே கிடக்கிறவனுக்கு பாதுகாப்பு! விழும்போது கால் மாட்டிக்காத மாதிரி திறந்த அங்கவடியை உருவாக்கினதும் இவர்தான். எந்த காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சாரோ! (படிக்கலை பாஸ், ரோடியோவுல குதிரை ஓட்டினவர்.) 1959-ல வந்த 'பென்ஹர்' ரதப் பந்தயத்துக்குப் பின்னாலயும் இவர் கைவண்ணம் இருக்கு.

1981-ல 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துல இண்டியானா ஜோன்ஸ் லாரிக்கு அடியில போறது இதோட வாரிசுதான். அங்கே உடம்பு உரசாம இருக்க ரோட்டு நடுவுல பள்ளம் தோண்டினாங்க. செஞ்சவர் டெர்ரி லெனார்ட். அவரே 'தி லெஜெண்ட் ஆஃப் தி லோன் ரேஞ்சர்' படத்துக்காக கோச் வண்டிக்கு அடியில போனப்ப, சக்கரம் கால் மேல ஏறிடுச்சு.

கனட்டுக்கு 1966-ம் வருஷத்துக்கான கௌரவ ஆஸ்கர் கிடைச்சது. ஸ்டண்டுக்குன்னு தனி ஆஸ்கர் பிரிவை அகாடமி அறிவிச்சது 2025-லதான். 2027-ல ரிலீஸாகும் படங்களிலிருந்து அது அமலுக்கு வருது. ரொம்ப சீக்கிரம்!

மனுஷன் கணக்குப் போட்டு, சம்மதிச்சு விழுந்தான். குதிரை? அந்தக் காலத்துல குதிரையோட முன்னங்கால்ல கம்பியைக் கட்டி, மறுமுனையை தரையில புதைச்சுடுவாங்க. கம்பி நீளம் முடிஞ்சதும் குதிரை தலைகுப்புற விழும். பேரு 'ரன்னிங் டபிள்யூ'. கனட் இதுல கில்லாடி. பல குதிரைகளுக்கு கால் முறிஞ்சது, உயிரும் போச்சு. அதே 1939-ல 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளப்பட்ட குதிரை செத்ததும் எதிர்ப்பு கிளம்பி, 1940-ல ஹாலிவுட் ஷூட்டிங்கை 'அமெரிக்கன் ஹ்யூமேன்' அமைப்பு கண்காணிக்க ஆரம்பிச்சது.

'ஸ்டேஜ்கோச்' அதுக்கு முந்தின படம். சேஸிங் சீன்ல குதிரைங்க விழும்போது ரிமோட்டை அமுக்கி நிறுத்துங்க. முன்னங்காலைப் பாருங்க.