இரவு ரோந்தும் இடுப்புத் துப்பாக்கியும்

ரோந்து போகும் போலீஸ்காரரின் இடுப்பில் எப்போதும் துப்பாக்கி இருக்க வேண்டுமா? இது பெரிய அதிகாரிகள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய நிர்வாக விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. அந்த ரோந்தை வழியில் சந்திக்கிறவர்கள் யார்? இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் மில் தொழிலாளியும், நடுச்சாமத்தில் மடை திறக்கப் போகும் விவசாயத் தொழிலாளியும்தான். ஆகவே இதில் அபிப்பிராயம் சொல்லும் உரிமை முதலில் அவர்களுக்கு உண்டு.

2021 நவம்பர் 21-ந் தேதி அதிகாலையில், திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனைச் சேர்ந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ஆடு திருடிச் சென்றவர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டிப்போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்தில் மடக்கினார். துணைக்கு ஆள் வந்து சேருமுன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதையடுத்துத்தான், அன்று டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, இரவு ரோந்து செல்வோர் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் பிரயோகிக்கத் தயங்கக் கூடாது என்று அறிவித்தார். அதற்கு முன்பே, 2020 ஜனவரி 8-ந் தேதி, களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 2025 ஆகஸ்டில் திருப்பூர் மாவட்டம் குடிமங்கலத்தில் இன்னொரு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் தகராறை விலக்கப் போன இடத்தில் வெட்டுண்டு மாண்டார். இவர்கள் சம்பளத்துக்கு உழைத்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். இவர்களுடைய சாவை அலட்சியமாகப் பேசுகிறவனுக்கு நம்மோடு உறவில்லை.

ஆனால் அனுதாபம் வேறு, பரிகாரம் வேறு. பூமிநாதன் விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். அன்றிரவு அவருக்குக் குறைவாயிருந்தது எது? பக்கத்தில் இன்னொரு ஆள். ஒரு ஜீப், இரண்டு போலீஸ்காரர், கூப்பிட்ட குரலுக்கு உடனே வரும் துணை இருந்திருந்தால் அவர் இன்று உயிரோடிருந்திருக்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தக் கொலைக்காகப் பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு வயது 19. மற்ற இருவரும் மேஜராகாத பையன்கள். அந்த இருட்டில் துப்பாக்கி பேசியிருந்தால், ஆட்டுக்காக ஒரு சிறுவனின் பிணம் விழுந்திருக்கக் கூடும். களியக்காவிளையிலோ, கொல்ல வேண்டுமென்றே வந்தவர்கள் எதிர்பாராமல் சுட்டார்கள். உறையிலிருக்கும் துப்பாக்கி அப்படிப்பட்ட குண்டைத் தடுத்து நிறுத்துமா? சாவடியில் போதிய ஆளும் வெளிச்சமும் மறைப்பும் இருந்தால் ஓரளவு தடுக்கலாம். இதற்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் எடுக்க வேண்டும். துப்பாக்கியோ ஏற்கெனவே ஸ்டேஷனில் இருக்கிறது. எது சர்க்காருக்கு மலிவோ அதுவே பரிகாரமாகிறது!

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். இலஞ்சி வயல்களில் காரும் பிசானமும் சிற்றாற்றுத் தண்ணீரை நம்பி நிற்கின்றன. முறைத் தண்ணீர் இரவென்றும் பகலென்றும் பார்த்து வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வரப்பிலே நடக்கும் தொழிலாளியின் தோளில் மண்வெட்டி இருக்கும்; இடுப்பிலோ கையிலோ அரிவாள் இருக்கும். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் கிடப்பவன் கையில் வேல்கம்பும் இருக்கும். இவனை ஊரார் எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த, பதினாறு மணி நேரம் பந்தோபஸ்தில் நின்று கண் எரிந்துபோன ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா? டார்ச் வெளிச்சத்தில் அவர் காண்பது அரிவாள் ஏந்திய ஓர் ஆள். "தயங்காதே" என்பது மேலிடத்து உத்தரவு. அவர் கையில் தடி இருந்தால் நேரும் பிழைக்குக் கட்டுப் போடலாம். குண்டு பாய்ந்தால் கட்டுப் போட என்ன இருக்கிறது?

குற்றால சீசனையும் பாருங்கள். சாரல் காலத்தில் பேரருவிக்குக் கீழே தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ்காரருக்கு இரண்டு கையும் வேண்டும். அந்த நெரிசலில் தன் இடுப்பிலுள்ள துப்பாக்கியைக் காப்பதே அவருக்குப் பெரிய வேலையாகிவிடும்.

சட்டத்தில் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கப் பலாத்காரம் பிரயோகிப்பதற்கு மாஜிஸ்ட்ரேட்டோ பொறுப்புள்ள போலீஸ் அதிகாரியோ உத்தரவிட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இதுவே விதி. அந்த விதி இருந்தும் என்ன நடந்தது? 2018 மே 22-ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள் மீது சுட்டதில் 13 பேர் மாண்டனர். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன், அந்தச் சூடு அத்துமீறியது என்று கண்டு, 17 போலீசார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கைக்குச் சிபார்சு செய்தது. பட்டப்பகலில், காமிராக்கள் பார்த்துக் கொண்டிருக்க, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடந்ததற்கே இந்தக் கதி. இரவு ரோந்தில் உத்தரவுமில்லை, மாஜிஸ்ட்ரேட்டுமில்லை, சாட்சியுமில்லை. "தற்காப்புக்காகச் சுட்டேன்" என்று சுட்டவர் சொல்வார். மறுத்துச் சொல்ல வேண்டியவன் வாய்க்காலில் கிடப்பான். குடிமங்கலம் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஓரிரு நாளிலேயே போலீஸ் குண்டுக்கு இரையானார்; அவர் குற்றவாளியா என்று கோர்ட்டு சொல்ல இனி வழியில்லை. இப்படிப்பட்ட சாவு ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிய வேண்டும், வேறு ஸ்டேஷனோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. அது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1999 ஜூலை 23-ந் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் 17 உயிர்கள் தாமிரபரணியில் போயின. அங்கே பிரதானமாகப் பேசியது தடிதான். 2020-ல் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனும் மாண்டது ஸ்டேஷன் அடியால். தடிக்கே கணக்குக் கேட்க முடியாத இடத்தில் துப்பாக்கியையும் கொடுப்பதா என்பதே நம் கேள்வி.

1829-ல் லண்டன் போலீசை அமைத்த ஆங்கிலேயன், தன் ஜனங்களிடையே துப்பாக்கியில்லாமல் போலீஸ்காரனை நடக்க விட்டான். இன்றும் அங்கே பெரும்பாலான ரோந்துப் போலீசார் துப்பாக்கி ஏந்துவதில்லை. அதே ஆங்கிலேயன் அயர்லாந்தில் ஆயுதப் போலீசை வைத்தான். இந்தியாவுக்கு வந்ததும் அந்தச் சாயல்தான். வ.உ.சி. கைதானதைக் கண்டித்துக் கொதித்த நெல்லையில் 1908 மார்ச் 13-ந் தேதி நால்வரைச் சுட்டுக் கொன்றது அந்தப் போலீஸ். சுதந்திரம் வந்த பிறகு, 1950 பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் சிறையில் பூட்டிக் கிடந்த 22 தோழர்களைச் சுட்டதும் அதன் வாரிசுதான். நியூஸிலாந்தில் 2019-ல் ஆயுத ரோந்தை ஆறு மாதம் பரீட்சித்துப் பார்த்து, 2020-ல் வேண்டாமென்று கைவிட்டார்கள். போலீஸ்காரர் எல்லோரும் துப்பாக்கியோடு திரியும் அமெரிக்காவிலோ ஆண்டுதோறும் ஆயிரம் பேர் அளவுக்குப் போலீஸ் குண்டுக்குச் சாகிறார்கள். போலீசாரும் அங்கே சுடப்பட்டுச் சாகாமலில்லை.

போலீஸ்காரருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வார விடுமுறை என்று ஓர் அரசாணை வரவே 2021 ஆக வேண்டியிருந்தது. 1979-ல் இங்கே நீங்கள் சங்கம் கேட்டபோது கிடைத்தது கைது. இன்று கையில் துப்பாக்கியைத் திணித்துத் "தயங்காதே" என்கிறவர்கள், நாளை கோர்ட்டுக் கூண்டில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கப் போவதில்லை. நவல்பட்டில் போனது உங்கள் உயிர். வரப்பில் போகப் போவது உங்கள் அண்ணன் தம்பி உயிர்.

எனவே நாம் கேட்பது இது: எந்த ரோந்தும் தனியாளாகப் போகக் கூடாது. இருவருக்குக் குறையாமல், வாகனமும் வயர்லெஸ்ஸும் பலத்த விளக்கும் கொடுத்து அனுப்ப வேண்டும். துப்பாக்கி ஸ்டேஷனில் பூட்டியிருக்கட்டும். கொலையாளி ஆயுதத்தோடு நிற்கிறான் என்று தெரிந்தால் பயிற்சி பெற்ற ஆயுதப் படையை அனுப்பட்டும். எடுத்துப் போகிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுதி, சுட்ட சம்பவம் எதுவானாலும் வெளி விசாரணை நடக்கட்டும். பிசானத் தண்ணீர் முறை தொடங்குமுன் இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை வட்டார ஸ்டேஷன்களில் விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிகளை அழைத்து, எந்த மடையில் எந்த இரவு யார் நிற்பார்கள் என்பதை ரோந்துக்காரர் தெரிந்து கொள்ளட்டும். இதை மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கி, தென்காசியில் மாவட்டப் போலீஸ் சூபரிண்டெண்டிடம் கொடுக்கும் வேலையை அந்தந்த ஊர்ச் சங்கங்கள் இந்த மாதத்திலேயே தொடங்க வேண்டும்.