மாவை முகப்பதா, நிறுப்பதா?

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நம் முன்னோர் நால்வகையாகப் பகுத்தனர். பொருளின் இயல்புக்கேற்ப அளவையும் வேறுபடும் என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது. பாலையும் எண்ணெயையும் முகந்தளத்தல் பொருந்தும். ஆனால் ரொட்டிக்கும் கேக்கிற்கும் உரிய மாவையும் கோப்பையால் முகந்தளக்கும் வழக்கம் நம் பயிற்சி வகுப்புகளிலும் செய்முறைக் குறிப்புகளிலும் இன்னும் காணப்படுகிறது. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும்.

நீரை அழுத்தினாலும் அதன் கன அளவு குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. மாவின் தன்மை வேறு. அதன் துகள்களுக்கிடையே காற்று நிறைந்துள்ளது. மைதாவைச் சலித்து, கரண்டியால் மெல்ல இட்டுத் தலைதட்டினால், 240 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பையில் ஏறத்தாழ 120 கிராம் அடங்கும். அதே கோப்பையை மாவினுள் அமிழ்த்தி அள்ளினால் அது 150 கிராமை எட்டக்கூடும்.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. 4 கோப்பை மாவும் 300 கிராம் நீரும் கொண்ட ரொட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் முறையில் மாவு 480 கிராம். நீர் அதில் 62.5 சதவீதம். இரண்டாம் முறையில் மாவு 600 கிராம். நீர் 50 சதவீதமே. முன்னது மென்மையான பிசைவாகும். பின்னது இறுகிச் சரிவர உப்பாது. ஒரே குறிப்பைப் பின்பற்றிய இருவருக்கு இருவேறு பலன் கிடைக்க, பழியோ ஈஸ்டின் மீதும் அடுப்பின் மீதும் விழுகிறது. சிறுதொழிலாக ரொட்டி சுட்டு விற்க முனையும் பெண்களுக்கு இது பொருள் நட்டம். கற்பித்தவர் மீதுள்ள நம்பிக்கைக்கும் இழுக்கு.

நம் பாட்டிமார் தராசின்றியே சமைத்தனர் அன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆயினும் இட்லி மாவு கெட்டியானால் சிறிது நீர் விட்டுத் திருத்தலாம். அடுப்பினுள் சென்றுவிட்ட கேக்கைத் திருத்த வழியில்லை. மேலும், 1956இல் எடை, அளவுத் தரச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கடையில் மாவைக் கிலோகிராமில் வாங்கி, வீட்டில் கோப்பையில் கணக்கிடுவோர் அடக்கவிலையைச் சரியாக அறிவதெங்ஙனம்?

கோப்பைக்கு இத்தனை கிராம் என்னும் அட்டவணையைப் பிற நூல்களிலிருந்து பெயர்த்தெழுதுவதும் போதாது. கோப்பையின் கொள்ளளவும், மாவின் வகையும், நிரப்பிய முறையும் கூறப்படாத எண் பாதி உண்மையே. மைதாவுக்குரிய எண் தவிடு கலந்த ஆட்டாவுக்குப் பொருந்தாது. ஆட்டா நீரையும் மிகுதியாக உறிஞ்சும்.

ஆகவே ஒவ்வொரு பயிற்சி நிலையமும் தன் அட்டவணையைத் தானே வகுத்துக்கொள்ளல் நன்று. வெறுங்கோப்பையை நிறுத்துக் குறித்துக்கொள்க. வழக்கமான முறையில் மாவை நிரப்பித் தலைதட்டி மீண்டும் நிறுக்க. இவ்வாறு 10 முறை செய்து சராசரி காண்க. மாவு வகை மாறும்போதெல்லாம் இதனைத் திரும்பச் செய்க. பள்ளியில் 10 மாணவர் தனித்தனியே நிரப்பி நிறுத்தால், சராசரி, அளவீட்டுப் பிழை ஆகியவற்றுக்கு இதனினும் எளிய பாடம் வேறு வேண்டுவதில்லை.

இதில் ஒரு வரம்பும் உண்டு. 1 கிராம் நுட்பமுள்ள சமையலறைத் தராசு 2 கிராம் ஈஸ்டை நம்பத்தக்கவாறு காட்டாது. அத்தகைய சிறு அளவுகளுக்குத் தலைதட்டிய கரண்டியே தக்கது.

இனி நாம் வெளியிடும் குறிப்புகளில் கிராம் கணக்கு முதலிலும், கோப்பைக் கணக்கு நிரப்பும் முறையுடன் அதனையடுத்தும் இடம்பெறட்டும். களப்பணியாளர் தம் பையில் ஒரு சிறு தராசையும் எடுத்துச் செல்லட்டும். சொல்லிக் கொடுப்பதை நிறுத்துக் காட்டுவதே அறிவியல் முறை.