தலை குனிந்தால் மதிப்பெண் வராது

யெரெவானுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பாடம் ஆங்கிலத்தில்தான். ஊரில் பொறியியல் முடிச்சவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற நினைப்பு.

முதல் தேர்விலேயே அது கலைந்தது. மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து, அதிலுள்ள கேள்விகளுக்குக் கொஞ்ச நேரம் குறிப்பெழுதிவிட்டு, பேராசிரியை எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்லணும். சோவியத் காலத்து வழக்கம். எழுத்துத் தேர்வுகள் வந்த பிறகும் ஆர்மீனியாவில் பல பாடங்களில் இது தொடர்கிறது.

மனப்பாடம் செய்ததை மளமளவென்று ஒப்பித்தேன். நடுவில் நிறுத்தி, "இன்ச்சு?" என்றார். ஆர்மீனிய மொழியில் 'ஏன்?' என்று அர்த்தம். தலை குனிந்தேன். நம்ம ஊரில் அது பணிவு. இங்கே அது 'தெரியாது' என்ற பதில். மதிப்பெண்ணை அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆசிரியருக்கு இங்கே மரியாதை இல்லை என்று நினைக்காதீர்கள். செப்டம்பர் 1, கல்வியாண்டு தொடங்கும் நாள்; பள்ளிப் பிள்ளைகள் கையில் பூங்கொத்தோடு ஆசிரியரைப் பார்க்கப் போவார்கள். அப்படி வளர்ந்தவர்கள்தான் என் வகுப்பில் பேராசிரியையோடு மல்லுக்கட்டினார்கள். யாரும் அதைத் திமிர் என்று சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்பவரின் மனநிலையைப் பொறுத்து மதிப்பெண் மாறலாம். மறுமதிப்பீடு கேட்க முழு விடைத்தாளும் இருக்காது. ஆனாலும் புரியாமல் ஒப்பிப்பவன் இதில் தப்பிக்க முடியாது.

யெரெவானில் மருத்துவம் படிக்கும் நம்ம பிள்ளைகளைப் பார்க்கும்போது இதே கதைதான். "படிச்சுட்டுத்தான் போனேன் அண்ணா, எதிர்க்கேள்வி கேட்டதும் வாயே வரல" என்கிறார்கள். குறை அவர்கள் அறிவில் இல்லை. வாய் பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று 12 வருடம் பழக்கியது நாம்தான்.

பிள்ளையை இங்கே அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் விசாரிக்கிறீர்கள். கூடவே, தினமும் ஒரு பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் உங்களிடம் விளக்கச் சொல்லுங்கள். நடுநடுவே 'ஏன்?' என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆர்மீனிய மொழியையும் வந்த முதல் மாதமே தொடங்கச் சொல்லுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி ஆர்மீனியத்தில்தான் வலியைச் சொல்வார்.