பழவேற்காட்டில் ஓர் இரவு

பழவேற்காட்டு மகிமை மாதாவைத் தரிசித்துத் திரும்புகையில் இருட்டிவிட்டமையால், ஏரிக்கரைக் குப்பமொன்றில் கத்தோலிக்க மீனவர் இல்லத்தில் தங்கினோம். சோறும் இறால் குழம்பும் படைத்த இல்லத்தரசியார், வீட்டிலிருந்த நல்ல பாயையும் நமக்கே விரித்தார்.

வீட்டுப் பெரியவர் 'பாடு' முறையை விளக்கினார். ஏரியில் மீன்வளம் மிக்க இடங்கள் எவருக்கும் தனியுடைமையல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊராரும் முறை வைத்து அங்கே வலை கட்டுகின்றனர். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே முறைக்குக் கட்டுப்படுகின்றனர். 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இடிந்து மண்மேடாயிற்று. பாடு மட்டும் நிலைத்துள்ளது. எத்துணை அழகிய ஏற்பாடு என வியந்தோம்.

விடியற்காலையில் கரைக்குச் சென்றோம். இருளர் குலப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். வலையில்லை, படகில்லை. பாட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. அது பரம்பரைப் பட்டினவர் ஆண்களுக்கே உரியதாம்.

பெரியவரை வினவினோம். "முகத்துவாரம் மணல்மூடிப் போகிறது, சாமி. ஏரியும் தூர்ந்துவிட்டது. இருக்கிற பங்கே எங்களுக்குப் போதவில்லை" என்றார். அதுவும் மெய்யே.

"முறை பிரிக்கும் கூட்டத்தில் இவர்களுக்காக நம்மவர் ஒருவராவது வாய் திறக்கலாகாதா?" என்றோம்.

பெரியவர் விடை கூறவில்லை. வலையை உதறி மடிக்கலானார்.