எட்டு மணிக்கு மேல் வேலை பேச வேண்டாம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதிப் பொதுமக்களே,

இப்பகுதியில் குடியிருக்கும், வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். காலையில் கண் விழிக்கும்போதே அலுப்பு, வேலை என்றாலே வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம்: இம்மூன்றும் சேர்ந்து ஆளை வாட்டும் நிலையைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். 2019-இல் இதை வகைப்படுத்திய உலக சுகாதார நிறுவனம், இது நோயல்ல, பணியிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வரும் நிலை என்றது. அப்படியானால் கோளாறு வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. நாமோ மருந்தையெல்லாம் ஆளுக்கே கொடுக்கிறோம்: மூச்சுப் பயிற்சி, தியான ஆப், ஞாயிற்றுக்கிழமை யோகா. இவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் தூங்கவே நேரம் கிடைக்காதவருக்கு இவையும் இன்னொரு வேலைதான். அவருக்கு முதலில் வேண்டியது நேரம். அதை ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்காமல் இருப்போம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல். நீண்ட வேலை நேரம் 2016-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 7.45 லட்சம் உயிர்களைப் பறித்தது. வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்கு 55 மணி என்பது நாளொன்றுக்கு ஒன்பதே கால் மணி நேரம்கூட இல்லை. ஜிஎஸ்டி சாலையிலும் ரேடியல் சாலையிலும் வண்டிக்குள் கழியும் நேரம் இக்கணக்கில் சேராது. வீட்டு வேலையும் சேராது: 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு அடுப்படியில் அடுத்த ஷிப்ட் காத்திருக்கிறது.

வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்பது நமக்குப் புதிதல்ல. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அன்று ரயிலை விட்டு இறங்கினால் அலுவலகம் அங்கேயே நின்றுவிடும். இன்று அது போனில் ஏறிக் கூடவே வீட்டுக்கு வருகிறது. அதை அனுப்புவது முதலாளி மட்டுமல்ல. இரவு ஒன்பதரைக்குப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில், ‘நாளை பச்சை சார்ட் பேப்பர் கொண்டுவரவும்’ என்று செய்தி வருகிறது. நிர்வாகம் தாமதமாகச் சொன்னதை, விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியை தட்டச்சு செய்து அனுப்புகிறார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறார். பாதி ஷட்டர் இறக்கிய ஸ்டேஷனரி கடைக்காரர் அதை மறுபடி தூக்குகிறார். எங்கோ ஒருவர் முன்யோசனை இல்லாமல் இருந்ததற்கு, இத்தனை பேரின் இரவு பலியாகிறது.

“நம் அப்பா அம்மா உழைக்கவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. உழைத்தார்கள். கூடவே, உழைப்புக்கு எல்லை வேண்டும் என்று போராடவும் செய்தார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஊர் இது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. “கம்பெனி வைத்ததுதானே சட்டம், நாம் என்ன செய்ய முடியும்?” என்பது அடுத்த கேள்வி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. ஆனால் உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளித்தால், அந்த ஸ்டூல் கவுண்டருக்கு அடியிலேயே கிடக்கும். சட்டம் பாதி தூரம்தான் வரும், மீதி நம் நடத்தையில் இருக்கிறது. “அவசரம் என்றால்?” அவசரத்துக்குப் போன் செய்யலாம். போன் செய்யக் கூச்சமாக இருக்கும் விஷயம் காலை வரை பொறுக்கும்.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம். பள்ளி, அலுவலகம், குடியிருப்போர் சங்கக் குழுக்களில் இரவு எட்டு முதல் காலை ஏழு வரை வேலைச் செய்தி அனுப்பாதீர்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குப் பகல்தான் இரவு. பக்கத்து வீட்டில் டிரில்லிங் வேலை தொடங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தோடு வாரம் ஒருநாள் விடுப்பு கொடுங்கள். ஆண்களே, சமையலறையில் ஒரு வேளையையாவது முழுப் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, வாழ்வே கசந்து நிற்பவர் வீட்டில் இருந்தால் ‘மனசைத் திடமாக வைத்துக்கொள்’ என்று சொல்லி நிறுத்திவிடாமல், டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்கு அழைக்க உதவுங்கள்; கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அடுத்த சங்கக் கூட்டத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் எட்டு மணி விதியை மட்டுமாவது தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். கை தூக்கினால் போதும்.

இப்படிக்கு,
தென்சென்னைப் புறநகரில் வாழும் உங்கள் அக்கம்பக்கத்தார்